வடை வருவதற்குள் ஒன்பதாவது தீர்மானம்

கவுன்சிலர்களுக்குப் பாடம் எடுப்பது என் தொழில் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு, "அப்போ நீங்களே நின்னிருக்கலாமே சார்?" என்பார். நிற்காததற்குக் காரணம் எளிது. எனக்குச் சட்டம் தெரியும். ஓட்டுப் போடுகிறவர்களுக்கு என்னைத் தெரியும்.

திருத்தணியில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்காகச் சுற்றுவட்டாரப் பேரூராட்சிகளுக்குப் போய்வருகிறேன். புதிதாக ஜெயித்தவர்களுக்குக் கூட்டம் என்றால் என்ன, தீர்மானம் என்றால் என்ன, கேள்வி கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது வேலை. கையில் மனுவோடு ஏதாவது ஓர் அலுவலக வராந்தாவில் கால் மாற்றிக் கால் நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி நிற்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள், வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். இது நடந்த ஊர், திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகிற பஸ்ஸில் வரும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கூட்டத்தில் எனக்கு டீ வராது.

சட்டைப் பையில் கவுன்சிலர்

முதல் வகுப்பு ஒரு தொடக்கப்பள்ளியில். எட்டுப் பெண் உறுப்பினர்களுக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். ஐந்து கணவர்களும் ஒரு மைத்துனரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் லோகநாதன். வீட்டிலேயே இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். அவருடைய மனைவி வசந்தாதான் கவுன்சிலர். ஆனால் கவுன்சிலரின் ரப்பர் முத்திரை, லெட்டர்பேடு, அடையாள அட்டை மூன்றும் அவருடைய சட்டைப் பையில் இருந்தன. உறுப்பினருக்குப் பதிலாக உறவினர் உட்காரலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என்று நான் விளக்கினேன். இந்த வட்டாரத்தில் ஊர் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்பதையும், யாருமே கேட்காதிருந்தும், கல்வெட்டுகளிலிருந்து தொடங்கிச் சொன்னேன். கல்வெட்டு வந்ததும் லோகநாதன் எழுந்துவிட்டார். கோபம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினைந்தாவது நிமிடத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

வசந்தா தையல்காரர். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த பாதியில் எழுந்து வந்திருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. வயதில் என்னைவிட இரண்டே வருடம்தான் பெரியவர் என்பது பிறகு தெரிந்தது. அதுவரை நான் 'அம்மா' போட்டுப் பேசியதை அவர் மன்னிக்கவில்லை. லோகநாதன் வாசலிலேயே நின்று, "நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன் சார். அவங்களுக்கு வர்ற சந்தேகத்தை வீட்டுல நான்தான தீர்க்கணும்?" என்றார். வசந்தா கையை நீட்டி அவருடைய பையிலிருந்து முத்திரையை எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"சந்தேகமே இவருதான் சார்."

காற்று வரும் குழாய்

வகுப்பு முடிந்ததும் வசந்தா என்னைத் தன் வார்டுக்குக் கூட்டிப் போனார். வார்டில் இரண்டு தெரு. கீழ்த்தெருவில் குழாய் திறந்தால் தண்ணீர். மேட்டுத்தெருவிலும் குழாய் உண்டு, வீட்டுக்கு வீடு இணைப்பு உண்டு, எல்லாம் முறையாகப் பதித்தது. ஆனால் கீழே எல்லோரும் பிடிக்கிற நேரத்தில் தண்ணீருக்கு மேடு ஏறத் தெம்பு இருக்காது. மேட்டுத்தெருப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டுக் குடத்தோடு இறங்கி, கீழ்த்தெருப் பொதுக்குழாயில் பிடித்து, இடுப்பில் வைத்து ஏற வேண்டும். தெருமுனையில் ஒரு வால்வு வைத்துக் கீழ்த்தெருவை ஒரு மணி நேரம் மூடினால், தண்ணீர் தானாக மேலே ஏறும். இதற்கு ஒரு தீர்மானம் போதும்.

தேர்தல் நேரத்தில் வசந்தா ஒரு காரியம் செய்திருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு மேட்டுத்தெருவில் எல்லா வீட்டிலும் காவடி எடுக்கிற உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள். தண்ணீர்ப் பாடு அப்போதுதான் உச்சம். "அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள்ள தண்ணி ஏறலைன்னா ராஜினாமா பண்ணிடறேன்" என்று வீடு வீடாகச் சொல்லி ஓட்டு வாங்கியிருந்தார். ராஜினாமா செய்வதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் ராணி என்கிற மேட்டுத்தெருப் பெண் என்னைத் தன் வீட்டுக் குழாயடிக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"பாத்துக்கோ சார். ஃபேன் போட வேணாம், அவ்ளோ காத்து வருது. கவுன்சிலரக்கா இதுல தண்ணி வர வைக்கட்டும், இல்லன்னா மறுபடியும் ரவிக்கை தைக்கப் போகட்டும்."

நாற்காலியில் குடங்கள்

மக்களைக் கேட்காமல் மக்களுக்குத் தீர்மானம் போடக் கூடாது என்பது என் கட்சி. எனவே வார்டு மக்கள் கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா, முப்பது நாற்காலி, மைக். மாலை நான்கு மணி. எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ். நான் படித்த புத்தகங்கள் எல்லாம் கூட்டத்துக்குச் சொல்லும் நேரம் மாலை நான்கு மணிதான்.

நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு மனிதரும் இல்லை. ஆனால் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் குடம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. புத்தகத்தில் இல்லாத விஷயம் என்னவென்றால், கீழ்த்தெருப் பொதுக்குழாயில் தண்ணீர் விடுவதும் நான்கு மணிக்குத்தான். அந்த ஊர்க் குழாயடியில் வரிசையில் குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. அதில் யாரும் தகராறு செய்ய முடியாது, தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. அந்த முறைப்படி ஒரு குடத்தைக் குழாய் வரிசையிலும், இன்னொரு குடத்தை ஜனநாயகத்திலும் வைத்துவிட்டு எல்லோரும் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் விழித்ததைப் பார்த்து, அந்தப் பக்கம் நிறைகுடத்தோடு போன ராணி நின்றாள்.

"நீ பேச ஆரம்பி சார். நாங்க வர்ற வரைக்கும் எங்க குடம் கேட்டுகினு இருக்கும்."

ரவிக்கை நியாயம்

மறுவாரம் மைக்கும் ஷாமியானாவும் இல்லாமல் குழாயடியிலேயே கூட்டம் போட்டோம். தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்கள் எங்கும் போக மாட்டார்கள்; இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. மேட்டுத்தெருக்காரர்கள் எல்லோரும் வால்வு வேண்டும் என்றார்கள். அதில் வியப்பில்லை. கீழ்த்தெருக்காரர்கள் ஒரு மணி நேரம் தங்கள் குழாயை மூடச் சம்மதிக்க வேண்டுமே, சிக்கல் அங்கேதான். கீழ்த்தெருவில் ராஜேஸ்வரி தலையசைத்தால்தான் மற்றவர்கள் அசைப்பார்கள். அவர் அசைக்கவில்லை. "அவங்களுக்குத் தண்ணி ஏறணும்னா எங்க குழாய் எதுக்குக் காயணும்? மேட்டுல வூடு கட்டச் சொல்லி நாங்களா சொன்னோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து, ராஜேஸ்வரி முதல் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தோடு வசந்தா வந்தார். கீழே முப்பத்தாறு கையெழுத்து. ஒரு மணி நேரத்தைக் காலை ஆறிலிருந்து ஏழு வரை வைத்துக்கொண்டால் கீழ்த்தெருவுக்கு இடைஞ்சல் இல்லை என்று பேசி முடித்திருந்தார். அந்த நேரத்துக்கு வேண்டியதை முந்தின நாள் மாலையே பிடித்துவைத்துக்கொள்வார்களாம். இவ்வளவு எளிதாக நடந்ததில் எனக்குச் சந்தேகம். ராஜேஸ்வரியின் தங்கை கல்யாணத்துக்கான ஆறு ரவிக்கைகள் வசந்தாவிடம் தைக்கக் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். துணியைப் பிடித்துவைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குவது நெறிமுறைக்கு விரோதம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். வசந்தா இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்:

"ஆறையும் குடுத்து, போட்டுப் பாத்து, நல்லாக்கீதுன்னு அவங்க சொன்னப்புறம்தான் பேச்சையே எடுத்தேன். குடுக்காம கேட்டிருந்தா மிரட்டல் சார், குடுத்துட்டுக் கேட்டா அது பேச்சுவார்த்தை."

ஒரே மூச்சு

பேரூராட்சிக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் முறையைச் சொல்கிறேன். எழுத்தர் ஏகாம்பரம் எழுந்து, பொருள் எண் ஒன்று முதல் இருபத்து மூன்று வரை ஒரே மூச்சில் படிப்பார். நடுவில் நிறுத்தற்குறி கிடையாது. உறுப்பினர்கள் அவ்வப்போது "ஆங்" என்பார்கள். இருபத்து மூன்று முடியும்போது எதிர்க்கடை மசால்வடைத் தட்டு உள்ளே வரும். வடை வந்தால் கூட்டம் முடிந்தது என்று பொருள். இப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எழுதிவைத்த விதி எதுவும் அங்கே இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

சம்மதக் கடிதத்தோடு வசந்தா போன முதல் கூட்டத்தில் நானும் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கலாமா, இப்போது எழுந்திருக்கலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏகாம்பரம் மூச்சு விட்டால்தானே எழுந்திருக்க முடியும்? ஒரு வழியாக வசந்தா எழுந்து "தலைவருங்களே" என்றபோது வடை அவருடைய வரிசைக்கு வந்துவிட்டது. தலைவர் கெட்டவர் அல்ல. மிகுந்த பரிவோடுதான் சொன்னார்:

"எந்திரிச்சிட்டீங்களா? கூட்டம் முடிஞ்சிடுச்சிம்மா. வடை ஆறுது பாருங்க, சாப்பிட்டுட்டு அடுத்த மாசம் பேசுங்க."

ஒத்திகை

அடுத்த மாதம் என்றால் ஆடி. அதையும் விட்டால் ராஜினாமா. வீட்டுக்கு வந்ததும் வசந்தா முத்திரையை எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடினார். லோகநாதன் தறியை நிறுத்திவிட்டு வந்து, டிராயரைத் திறந்து, முத்திரையை எடுத்து மறுபடியும் மெஷின் மேலே வைத்தார்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். வால்வு விஷயத்தைப் பொருளில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்துமூலம் கொடுக்க வைத்தேன். பொருள் எண் ஒன்பது என்று அச்சாகி வந்தது. பிறகு இரண்டு இரவு விழித்து அவருக்கு ஓர் உரை எழுதினேன். தையல் கடையில் ஒத்திகை. நான் தலைவர், லோகநாதன் ஏகாம்பரம். வசந்தா காகிதத்தைப் பிடித்து வாசித்தார்: "மாண்புமிகு தலைவர் அவர்களே, உயிர்களின் ஆதாரமாகிய நீர் மறுக்கப்பட்டு, வாடித் துவண்டு, சொல்லொணாத் துயரில் ஆழ்ந்திருக்கும் எம் மேட்டுத்தெரு மக்களின் சார்பாக..." ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து, கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்த பெண்மணி கேட்டார்:

"யாருங்க செத்துட்டாங்க?"

சட்டத்தில் இல்லாத வடை

அந்த உரையைக் கிழித்துப் போட்டோம். வசந்தா தன் வாயால் பேசுவது என்று முடிவாயிற்று. மீதிப் பிரச்சினை வடை. சட்டப் புத்தகத்தை அன்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். வடையை எப்போது பரிமாற வேண்டும் என்று ஒரு பிரிவும் சொல்லவில்லை. எனவே கூட்டத்தன்று காலை எதிர்க்கடைக்குப் போய், "இன்னிக்கு உள்ளேருந்து ஆள் வந்து கேக்குற வரைக்கும் தட்டை அனுப்பாதீங்க" என்று மாஸ்டரிடம் சொன்னேன். என் பொதுவாழ்வில் நான் செய்த ஒரே சதி இதுதான்.

ஏகாம்பரம் மூச்சு இழுத்து ஆரம்பித்தார். எட்டு முடிந்து ஒன்பது வரும்போது வசந்தா எழுந்தார். "ஏகாம்பரம் அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. ஒம்பதாவதை மெதுவாப் படிங்க." ஏகாம்பரம் வாயைத் திறந்தபடியே நின்றார். தலைவர் கதவைப் பார்த்தார். தட்டு வரவில்லை. வேறு வழியில்லாமல் ஏகாம்பரம் ஒன்பதை மெதுவாகப் படித்தார். பிறகு வசந்தா பேசினார். தறி நிற்கிற நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார்கள், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி குடத்தோடு மேட்டில் உட்கார்ந்துவிட்டது, கீழ்த்தெருவின் சம்மதக் கடிதம், எல்லாவற்றையும் அளவு சொல்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே லோகநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

செயல் அலுவலர் கோப்பைப் புரட்டி, வேறு வேலைக்கு வாங்கிய வால்வு ஒன்று கிடங்கில் சும்மா இருக்கிறது என்றார். தலைவர் மறுபடியும் கதவைப் பார்த்தார். வடை இல்லாத மன்றத்துக்கு விவாதிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மற்ற உறுப்பினர்களும் எழுந்தார்கள். ஒருவர் தெருவிளக்கு, ஒருவர் குப்பை வண்டி, அதுவரை வாயே திறக்காத ஓர் உறுப்பினர் மயானப் பாதை. ஒன்பதாவது ஒருமனதாக நிறைவேறியது. மீதிப் பதினான்கையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. ஏகாம்பரத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். சதி தெரிந்துவிட்டது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருவது வருசமாப் படிக்கிறேன் சார். நான் இன்னா படிக்கிறேன்னு இன்னிக்குத்தான் நாலு பேர் கேட்டாங்க."

நீலத் தண்ணீர்

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் முன்னால் வால்வு வைத்தார்கள். காலை ஆறு மணிக்குக் கீழ்த்தெருவை மூடினார்கள். நாங்கள் எல்லோரும் மேட்டுத்தெருவில் நின்றோம். முதலில் வழக்கமான காற்று. பிறகு ஒரு செருமல். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம். வசந்தா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவின் கடைசிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர்! எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில். ஏனென்றால் ஒரு குழாயும் மூடியில்லை. தண்ணீரே வராத குழாயை யார் மூடி வைப்பார்கள்? பாதிக் குழாய்களுக்குத் திருகே இல்லை. மேட்டுத்தெருவில் அவை வெகுநாளாக வேறு உத்தியோகம் பார்த்துவந்தன. ஒருவர் பால் பையை மாட்டியிருந்தார், ஒருவர் குடையை. ராணி வீட்டில் லுங்கிக்குச் சாயம் தோய்த்த நூல் சிட்டங்களைக் கட்டுக்கட்டாக ஈரத்தோடு மாட்டியிருந்தார்கள். அதன் மேல் தண்ணீர் கொட்டி, தெரு நடுவே நீல நிறத்தில் ஓர் ஓடை கிளம்பி மேட்டிலிருந்து இறங்கியது.

"ஐயோ, நூலு!" என்று ராணியின் வீட்டுக்காரர் ஓடினார். ராணி ஓடவில்லை. "நூலு கெடக்குது வுடுய்யா, மறுபடியும் தோய்ச்சிக்கலாம்" என்று சொல்லி இரண்டு கையாலும் அள்ளி வசந்தாவின் மேல் அடித்தாள். ஒரு நிமிடத்தில் தெருவே நனைந்துவிட்டது. லோகநாதனின் வெள்ளை வேட்டி நீலமானது. நான் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காப்பாற்றினேன். வசந்தா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர். கீழ்த்தெருவில் ஓடை போய்ச் சேர்ந்ததும் ராஜேஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்:

"இன்னாடி இது, மேட்டுத்தெருவுக்கு மட்டும் கலர் தண்ணியா? எங்களுக்கும் ஒரு மனு எழுது வசந்தா!"

மறுநாள்

ராஜினாமா கடிதத்துக்கு நான் தயாரித்து வைத்திருந்த மாதிரிப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வரலாம், நினைவுப் பொருளாக இருக்கட்டும் என்று மறுநாள் காலை வசந்தாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. மேட்டுத்தெருவிலிருந்து பதினோரு பேர், கீழ்த்தெருவிலிருந்து எட்டு பேர், பக்கத்து வார்டிலிருந்து, சம்பந்தமே இல்லாமல், நான்கு பேர். மாலை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யார் கையிலும் மாலை இல்லை. வசந்தா மெஷின் முன்னால் உட்கார்ந்து, ரவிக்கைக்கு அளவு எழுதுகிற நோட்டில் ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதிக்கொண்டிருந்தார். லோகநாதன் டீ டம்ளர்களோடு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். முன்வரிசையில் ராணி.

"தண்ணி வருது, அதுல ஒண்ணும் குறை இல்ல. வர்ற தண்ணி போறதுக்குக் கால்வாய் எங்கேக்கா?"

இத்தனை வருட அனுபவத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: ஒரு கவுன்சிலர் நன்றாக வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளம், அவர் வீட்டு வாசலில் கூட்டம் குறைவதல்ல, அங்கே சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோவது.